வண்டிப்பாதையும் கண்மாய்க்கரையும்
சைக்கிளுக்கு உரிய வழிகளைக் காப்பது எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். நிதானமாக மிதித்துச் செல்பவருக்கு அது ஒரு மணி நேரப் பயணம். இவ்விரு நகரங்களையும் சூழ்ந்துள்ள கிராமங்களில் பள்ளிப் பிள்ளைகளும், நூற்பாலைத் தொழிலாளர் பலரும், பால் ஊற்றச் செல்வோரும், காட்டு வேலைக்குச் செல்வோரும் இன்றும் சைக்கிளை நம்பியிருக்கின்றனர். ஆனால் அவர்கள் செல்லவேண்டிய சாலை எத்தகையது? திருமங்கலத்தில் தொடங்கிச் செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை நீளும் தேசிய நெடுஞ்சாலை அது. பேருந்துகளும், கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளும் இரவு பகலாக அதில் ஓடுகின்றன. அவற்றுக்கு ஒதுங்கி, சாலையோர மணலில் சக்கரம் சறுக்க, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செல்லும் சிறுமியை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம்.

நம் வட்டாரத்துக் கிராம சபை ஒன்றில் தாய் ஒருவர் எழுந்து நின்று, “பிள்ளைக்குச் சைக்கிள் குடுத்தீங்க சார், சந்தோசம். அதை ஓட்டிட்டுப் போக வழி எங்க இருக்கு?” என்று கேட்டார். கேள்வி சிறியதாயினும் அதற்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. 2001-02 ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கப்பட்ட விலையில்லாச் சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளில் மாணவர் மாணவியர் அனைவருக்குமாக விரிந்தது. அதற்கும் முன்பே, 1991 ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுந்த அறிவொளி இயக்கத்தின்போது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றனர். சைக்கிள் வந்துவிட்டது, ஓட்டவும் கற்றுக்கொண்டோம். வழியைத் தேடித் தரும் வேலை மட்டும் எஞ்சி நிற்கிறது.

புதிய சாலை ஒன்றை இதற்கென அமைக்க வேண்டுமானால் நிலம் எடுக்க வேண்டும், பணம் வேண்டும், பல ஆண்டுகள் ஆகும். ஆனால் மோட்டார் வண்டிகள் ஓடாத வழிகள் நம் கிராமங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை இழந்துவிடாமல் காப்பதே முதல் வேலை என்பதை எடுத்துக்கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம். இவ்வழியில் நமக்கு முன்னே சென்ற நாடு ஒன்றின் அனுபவத்தை முதலில் பார்ப்போம்.

ஸ்பெயின் நாட்டின் பசுமை வழிகள்

ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் உள்ள ஸ்பெயின் நாட்டின் தென்பகுதி நம் பகுதியைப் போலவே வெயில் மிகுந்தது, மழை குறைந்தது. அங்கு மலைச்சரிவுகளெல்லாம் ஒலிவ மரத் தோப்புகள். சுரங்கத்திலிருந்து கனிமத்தையும், ஆலையிலிருந்து எண்ணெயையும் ஏற்றிச் செல்வதற்காக அந்நாட்டில் ஒரு காலத்தில் பல கிளை ரயில் பாதைகள் போடப்பட்டன. லாரிகள் பெருகியபின் அவை நட்டத்தில் ஓடி ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1993 ஆம் ஆண்டில் கணக்கெடுத்தபோது 7,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை பயன்படாமல் கிடந்தது. தண்டவாளம் பெயர்க்கப்பட்ட வெற்றுத் தடமும், பாலங்களும், குகைகளும், பாழடைந்த நிலையங்களுமே எஞ்சியிருந்தன.

அத்தடங்களைக் கூறுபோட்டு விற்றுவிடாமல், நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் உரிய வழிகளாக மாற்றும் திட்டம் அவ்வாண்டில் தொடங்கிற்று. ஸ்பெயின் ரயில்வே அறக்கட்டளை இதனை ஒருங்கிணைத்தது. உள்ளூர் மன்றங்களும் மாகாண அரசுகளும் தத்தம் எல்லைக்குள் வேலையை ஏற்றன. ‘வியாஸ் வெர்தேஸ்’, அதாவது பசுமை வழிகள், என்று அவற்றுக்குப் பெயர். இன்று அவை 3,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டன. ஹயேன் மாகாணத்தில் தொடங்கும் ‘எண்ணெய் வழி’ 128 கிலோமீட்டர் நீளமுடையது. முன்பு ஒலிவ எண்ணெய் ஏற்றிச் சென்ற ரயிலின் தடம் அது. புவெர்ட்டோ செரானோ என்னும் ஊரிலிருந்து ஒல்வேரா வரை செல்லும் ‘மலை வழி’யின் வரலாறு இன்னும் விந்தையானது. 36 கிலோமீட்டர் நீளமுள்ள அதில் 30 குகைகளைக் குடைந்தார்கள்; பாலங்களைக் கட்டினார்கள்; ஆனால் வேலை நின்றுபோனதால் ஒரு நாளும் ரயில் ஓடவில்லை. இன்று அங்கே சைக்கிள்கள் ஓடுகின்றன. வழியிலுள்ள பாறை முகடு பிணந்தின்னிக் கழுகுகளின் புகலிடம். நிலையக் கட்டடங்கள் சில உணவுச் சாலைகளாகவும் தங்குமிடங்களாகவும் மாறின.

ரயில் தடம் சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது? இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் செங்குத்தான ஏற்றத்தில் வழுக்கிவிடும். ஆகவே ரயில் பாதை போடுவோர் மேட்டை வெட்டியும், பள்ளத்தைத் தூர்த்தும், மலையைக் குடைந்தும் ஏற்றத்தைக் குறைத்தே போடுவர். பெரும்பாலும் நூறு அடி தூரத்துக்கு மூன்று அடிக்கு மேல் ஏறாது. அவ்வழியில் முதியவரும் குழந்தையும் மூச்சு வாங்காமல் சைக்கிள் மிதிக்கலாம்.

ஆட்டு மந்தை கற்பிக்கும் பாடம்

நம்மவர் கருதிப் பார்க்கத்தக்க வேறொரு செய்தியும் அந்நாட்டில் உண்டு. ஆடுமாடுகளைக் கோடையில் மலைக்கும் குளிர்காலத்தில் சமவெளிக்கும் ஓட்டிச் செல்லும் மந்தைப் பாதைகள் அங்கே பல நூற்றாண்டுகளாக இருந்து வருகின்றன. 1273 ஆம் ஆண்டில் அரசர் பத்தாம் அல்போன்சோ மேய்ப்பர் கூட்டமைப்புக்கு உரிமைகள் வழங்கி அவற்றை நிலைநாட்டினார். மிக அகலமான பாதைகள் ஏறத்தாழ 75 மீட்டர் அகலமுடையவை. அனைத்தையும் கூட்டினால் 1,25,000 கிலோமீட்டர் வரும் என்பர். மந்தைகள் குறைந்தபின் இப்பாதைகளை இரு பக்கத்து நிலத்தாரும் சிறிது சிறிதாக உழுதுகொண்டனர், நகரங்கள் விழுங்கின.

1995 ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. மந்தைப் பாதை பொதுச்சொத்து. அதை விற்க இயலாது. எத்தனை ஆண்டுக் காலம் ஒருவர் அனுபவித்து வந்தாலும் அவருக்கு உரிமை பிறவாது. மந்தை செல்வதற்கு இடையூறில்லாதவாறு நடக்கவும், குதிரையிலும் சைக்கிளிலும் செல்லவும் பயன்படுத்தலாம் என்பது அச்சட்டத்தின் சாரம். 1994 ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் மேய்ப்பர்கள் தம் ஆடுகளைத் தலைநகரான மாட்ரிட்டின் பெருந்தெருக்கள் வழியே ஓட்டிச் செல்கின்றனர். அவ்வழி இன்னும் தங்களுக்கு உரியதென்று ஊரறிய நினைவூட்டுவதே அதன் நோக்கம். நடந்தால்தான் வழி நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம்மிடம் இருப்பவை எவை?

விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1927 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அது அகலப் பாதையாக மாற்றப்பட்டு இன்றும் நமக்குத் தொண்டாற்றுகிறது. அது என்றும் ஓடவேண்டும். ஆகவே ஸ்பெயினில் செய்ததை அப்படியே இங்குச் செய்ய இயலாது. ஆனால் அங்கே ரயில் தடம் தரும் சமதளத்தை இங்கே நமக்குத் தருவது எது? கண்மாய்க்கரை.

நீர் எப்போதும் மட்டமாகவே நிற்கும். அந்நீரைத் தாங்கும் கரையின் மேல்தளமும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஏறத்தாழ ஒரே மட்டமாகவே இருந்தாக வேண்டும். பொறியாளர் எவரும் சைக்கிளை நினைத்து அதைக் கட்டவில்லை. ஆயினும் சைக்கிளுக்கு அதைவிடச் சிறந்த தளம் வேறில்லை. மேற்கே மலைத்தொடர் நிற்க, நிலம் கிழக்கு நோக்கிச் சரிகிறது. மலையில் பிறக்கும் ஓடைகள் வைப்பாற்றை நோக்கிச் செல்லும் வழியில் கண்மாய்களை நிரப்புகின்றன. ஒரு கண்மாயின் மறுகால் நீர் அடுத்த கண்மாய்க்குச் செல்கிறது. சரிவுக்குக் குறுக்கே கட்டப்பட்டவை ஆதலால் கரைகள் பெரும்பாலும் தெற்கு வடக்காக நீள்கின்றன. மலையிலிருந்து வயல்களுக்கு இறங்கும் வண்டிப்பாதைகளோ மேற்குக் கிழக்காகச் செல்கின்றன. இவ்விரண்டையும் கிராம வரைபடத்தில் வண்ணமிட்டுப் பார்த்தால், ஊருக்கு ஊர் செல்லும் வலைபோல் அவை பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

அவ்வழியில் செல்பவர் காணக்கூடியவை எவை? ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் 11 நிலைக் கோபுரம் வயல்களுக்கு மேலே வழிகாட்டும் தூண்போல் நிற்கும். நம் மாநில அரசின் சின்னத்தில் விளங்கும் கோபுரம் அது. மேற்கே நீலமாய் மலைத்தொடர். ராஜபாளையத்தை நெருங்கும்போது சஞ்சீவி மலை. இடையே தென்னையும் மாந்தோப்பும் நெல்வயலும். மழைக்காலத்துக்குப் பின் நிறைந்த கண்மாயில் நீர்ப்பறவைகள். கோடையில் ராஜபாளையத்துச் சப்பட்டை மாம்பழம். எந்நாளும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. வெளியூரார் வந்து காண விரும்பினால் வரட்டும். ஆனால் இவ்வழிகளின் முதற்பயன் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைக்கும் உழைப்பாளிக்குமே உரியது. அவர்களுக்கு உதவாத பாதை விருந்தினருக்கு மட்டும் உதவிப் பயனில்லை.

பாதைகள் மறையும் விதம்

கிராம சபையில் அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு விடை தேடி, அவ்வூர் வண்டிப்பாதையை நாம் வரைபடத்தோடு நடந்து பார்த்தோம். நில அளவரும் கிராம நிர்வாக அலுவலரும் உடன் வந்தனர். வரைபடத்தின்படி இரண்டு மாட்டுவண்டிகள் எதிரெதிரே வந்தாலும் விலகிச் செல்லக்கூடிய அகலம். ஊர் எல்லையில் அவ்வாறே இருந்தது. சற்றுத் தொலைவில் பாதி ஆயிற்று. பிறகு ஒற்றையடித் தடமாயிற்று. இறுதியில் ஒரு பருத்திக் காட்டுக்குள் மறைந்தே போயிற்று. எவரும் ஒரே நாளில் பாதையைப் பறித்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது. ஒவ்வோர் உழவிலும் ஒரு சால் கூடுதலாக உழப்பட்டது. ஒவ்வொரு வேலியும் ஒரு முழம் தள்ளி இடப்பட்டது. எஞ்சிய இடத்தை வேலிக்கருவை மூடிக்கொண்டது. மாட்டுவண்டி போய் டிராக்டர் வந்தபின், டிராக்டருக்கு வேறு வழி கிடைத்தபின், பழைய பாதையைத் தேடுவாரில்லை. தேடுவார் இல்லாத வழி காணாமற்போவது இயல்பே அன்றோ!

நாம் செய்த பிழை ஒன்றையும் இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முன்பு ஒரு கண்மாய்க்கரைப் பாதையைச் சீர்திருத்தியபோது, அகலமாக இருப்பதே நல்லதென்று எண்ணி, வாயிலில் தடுப்பு ஏதுமின்றி விட்டுவிட்டோம். ஊரார் மகிழ்ந்தனர். சில திங்களுக்குள் மண் ஏற்றிய லாரிகள் அக்குறுக்கு வழியைக் கண்டுகொண்டன. சக்கரத் தடங்கள் பள்ளமாயின. ஐப்பசி மழையில் அப்பள்ளங்களில் நீர் தேங்கிக் கரையையே அரித்தது. சைக்கிளுக்கு வழி செய்யப் புகுந்து, கண்மாய்க்கே கேடு தேடினோம். மோட்டாரைத் தடுக்காத சைக்கிள் பாதை சிறிது காலமே சைக்கிள் பாதையாக இருக்கும் என்னும் பாடத்தை அன்று கற்றோம்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

இனிச் செயல்முறையைக் காண்போம்.

முதலாவது, உரிமையை அறிதல். கிராம வரைபடத்தையும், புலப்படங்களையும், கிராமக் கணக்கிலுள்ள அ-பதிவேட்டையும் எடுத்து, வண்டிப்பாதைப் புறம்போக்கு எவ்வெச் சர்வே எண்ணில் உள்ளதெனப் பட்டியலிட வேண்டும். பட்டா நிலத்தின் ஊடே வழக்கத்தால் மட்டும் நடக்கும் வழியையும் புறம்போக்குப் பாதையையும் குழப்பிக்கொள்ளலாகாது. முன்னதற்கு நிலத்துக்கு உரியவரின் இசைவு வேண்டும். பின்னது ஊருக்கு உரியது. ஆக்கிரமிப்பு இருப்பின் 1905 ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் வருவாய்த்துறைக்கு உண்டு. ஆனால் முதலில் பேச்சு, பிறகே நோட்டீசு. விளைந்த பயிரை அழித்து மீட்ட பாதை பகையையும் உடன் மீட்டுவரும். அறுவடை வரை காத்திருந்து, அளந்து, கல் நட்டால் பெரும்பாலோர் இணங்குவர் என்பதே நம் அனுபவம்.

இரண்டாவது, பொறுப்பை அறிதல். நெடுஞ்சாலையாகவோ யூனியன் சாலையாகவோ வகைப்படுத்தப்படாத ஊர்ச் சாலைகளையும், அவற்றின் பாலங்களையும் தரைப்பாலங்களையும் பேணுவது, 1994 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110 ஆம் பிரிவின்படி கிராமப் பஞ்சாயத்தின் கடமையாகும். கண்மாய்க்கரையின் நிலை வேறு. 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு உடைய கண்மாய்கள் நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளன. அதற்குக் குறைந்தவை பஞ்சாயத்து யூனியனின் பொறுப்பில் உள்ளன. எவருடைய கரையானாலும், அவர்கள் இசைவும் பொறியாளர் மேற்பார்வையும் இன்றி ஒரு கூடை மண்ணும் வெட்டலாகாது, கொட்டவும் கூடாது. கரை முதலில் நீருக்கு, அடுத்தே வழிக்கு.

மூன்றாவது, வழிகளை இணைத்தல். ஒரு கிராமத்தின் பாதை அடுத்த கிராம எல்லையில் நின்றுவிட்டால் பயன் பாதியாகும். ஆதலால் அண்டைப் பஞ்சாயத்துகள் கூடிப் பேசி, பள்ளி, சந்தை, ரயில் நிலையம், ஆலை ஆகியவற்றைச் சென்றடையுமாறு இணைக்க வேண்டும். இருப்புப்பாதையை உரிய கேட்டிலோ சுரங்கப்பாதையிலோ மட்டுமே கடக்க வேண்டும். சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்குவதுண்டாகையால், மழைக்கால மாற்று வழியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். புதிய பெருஞ்சாலை வயல்களின் குறுக்கே வருமிடத்தில், வண்டிப்பாதை வெட்டுப்படாதபடி அடிவழி ஒன்று கேட்டு, வரைபடத்தோடு உரிய காலத்தில் எழுத வேண்டும். சாலை போட்டு முடித்தபின் எழுதும் மனுவால் பயனில்லை.

நான்காவது, தளம். செவல் நிலத்தில் சிறிது சரளை பரப்பி, நீர் தெளித்து, உருளையால் அழுத்தினாலே போதும். கரிசல் நிலம் அவ்வாறன்று. கோடையில் வெடிக்கும், மழையில் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு சைக்கிளையே தோளில் தூக்க வைக்கும். அங்கே சரளையைத் தடிப்பாகப் பரப்பி, இருபுறமும் நீர் வடியச் சிறு வாய்க்கால் எடுக்க வேண்டும். தார் வேண்டா என்பது நம் கருத்து. தார் போட்டவுடன் வேகம் வரும். வேகத்தோடு மோட்டாரும் வரும். ஸ்பெயினிலும் பசுமை வழிகள் பல, இறுக்கிய மண் தளத்தோடேயே நன்கு பயன்பட்டு வருகின்றன.

ஐந்தாவது, தடுப்பு. கரையின் இரு வாயில்களிலும் கல்தூண் நட்டு, சைக்கிளும் ஆடும் மாடும் புகுமளவுக்கு மட்டும் இடைவெளி விட வேண்டும். கரை பழுதுபார்க்கும் வண்டி செல்ல, நடுத்தூண் ஒன்றைக் கழற்றக்கூடியதாக அமைத்து, சாவியைப் பொறுப்பானவரிடம் வைக்கலாம். வண்டிப்பாதையில் இத்தடுப்பு இயலாது. நிலத்துக்குச் செல்லும் டிராக்டருக்கும் கதிர் அறுக்கும் இயந்திரத்துக்கும் வழி வேண்டும். அங்கே உழவர் வண்டிக்கு இசைவு; குறுக்கு வழியாகக் கடந்து செல்லும் வண்டிக்குத் தடை என்று கிராம சபை தீர்மானிக்கலாம். சைக்கிள் புகும் இடைவெளியில் மோட்டார் சைக்கிளும் புகும் என்பது உண்மையே. அதைக் கல்லால் தடுக்க முடியாது. ஊர்க்கட்டுப்பாடு ஒன்றே தடுக்கும்.

ஆறாவது, இடர் நீக்கல். வண்டிப்பாதையோரத்தில் கைப்பிடிச் சுவரில்லாத கிணறு இருப்பின், பாதையைத் திறப்பதற்கு முன்பே சுவர் எழுப்ப வேண்டும். இதில் தவணை கூடாது. வேலிக்கருவையை வேரோடு அகற்ற வேண்டும். மேலே வெட்டிவிட்டால் மீண்டும் தழைக்கும். உதிர்ந்த ஒரு முள் ஒரு பிள்ளையின் பள்ளி நாளையே கெடுத்துவிடும். ஓடையைக் கடக்கும் தரைப்பாலத்தில் வெள்ள மட்டக் குறி இட்டு, நீர் அதைத் தொட்டால் கடக்கலாகாது என்று எழுதி வைக்க வேண்டும். இங்கே வெயிலடித்துக் கொண்டிருக்கும்போதே மலையில் பெய்த மழையால் ஓடை பெருகி வருவதுண்டு என்பதை மலையடிவாரத்தார் நன்கு அறிவர்.

ஏழாவது, நிழலும் நீரும் குறியும். வேம்பும் புங்கமும் வண்டிப்பாதையோரத்தில் நடலாம். கரையின்மேல் பெருமரம் நட்டால் வேர் கரையைத் துளைக்கும். அங்கே பனையும் புல்லும் போதும். வழி பிரியும் இடங்களில் கல் நட்டு, ஊர்ப் பெயரும் தூரமும் குடிநீர் கிடைக்கும் இடமும் எழுதுவது பெருஞ்செலவன்று. ஊரக வேலைத் திட்டங்களில் எவ்வெவ் வேலைகளுக்கு இடமுண்டு என்பதை யூனியன் அலுவலகத்தில் கேட்டறிந்து, உரிய காலத்தில் வேலைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

எழக்கூடிய ஐயங்கள்

பாதையைத் திறந்தால் காய்கறியும் தேங்காயும் களவு போகும் என்று உழவர் அஞ்சுவதுண்டு. ஆள் நடமாட்டமற்ற முட்புதரே திருடனுக்கு நண்பன். பகலில் பிள்ளைகளும் பெண்களும் போய்வரும் வழியில் திருடனுக்குத் துணிவு பிறவாது. இரவுக் காவலின் தேவை முன்புபோலவே இருக்கும். இப்பாதையால் அது கூடிவிடாது.

தம் நிலம் பறிபோகும் என்பது அடுத்த அச்சம். பட்டா நிலத்தில் ஒரு சாணும் எடுக்கப்படுவதில்லை. ஊருக்கு உரியதே அளக்கப்படுகிறது. அதோடு, வண்டிப்பாதை அடைபட்டால் உள்ளே இருக்கும் நிலத்துக்கு உரமும் விதையும் கொண்டுபோக வழியில்லாமல், அடுத்தவர் வயல் வழியே போகக் கெஞ்ச நேர்கிறது. வழியில்லா நிலத்துக்கு விலையும் இல்லை. ஆதலால் பாதை மீட்பு சைக்கிள்காரருக்கு மட்டும் செய்யும் உதவியன்று. முதலில் உழவருக்கே செய்யும் உதவி.

இதனால் வெளியூரார் வந்து ஊருக்கு வருமானம் பெருகுமோ என்றும் சிலர் கேட்கின்றனர். ஸ்பெயினில் சில நிலையக் கட்டடங்கள் உணவுச் சாலைகளாயின என்று மேலே கண்டோம். இங்கும் இளநீர்க் கடையும் தேநீர்க் கடையும் தோன்றலாம். ஆனால் வருமானத்தை எண்ணிக் கட்டடம் கட்டத் தொடங்குவது முறையன்று. பிள்ளை நலமாகப் பள்ளிக்குப் போய்த் திரும்புவதே இப்பாதையின் முதல் வருமானம்.

மலையடிவாரத்தில் ஓர் எச்சரிக்கை

செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில் போன்ற மலையடிவார இடங்களுக்குச் சைக்கிளில் செல்ல விரும்புவோர் பலர். ஆனால் அம்மலை, நரை அணில்களுக்காகத் தொடங்கப்பட்ட சரணாலயத்தை உள்ளடக்கி, 2021 ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் இசைவின்றி எல்லையைத் தாண்டலாகாது. அடிவாரத் தோப்புகளுக்கு யானைகள் இறங்குவதும் உண்டு. ஆகவே அப்பகுதிப் பாதைகளை விடியுமுன்னும் பொழுது சாய்ந்தபின்னும் பயன்படுத்தலாகாது. ‘இதற்கு மேல் காடு’ என்று எல்லையிலேயே பலகை வைக்க வேண்டும். ராஜபாளையத்துக்குக் குடிநீர் தருவதும் அய்யனார் கோயில் ஆறே. அவ்வழி செல்வோர் குப்பை போட்டால் அது கீழேயுள்ளோரின் குடத்துக்கே வரும்.

அடுத்த கிராம சபைக்கு முன்

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பஞ்சாயத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் நடத்தினாலும், தனி அலுவலர் நடத்தினாலும் கிராம சபை கிராம சபையே. அங்கே எழுந்து கேட்கும் உரிமை வாக்காளர் ஒவ்வொருவருக்கும் உண்டு. அடுத்த கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாக, ஊரில் நாலு பேர் வரைபடத்தை எடுத்துக்கொண்டு வண்டிப்பாதையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து பாருங்கள். சைக்கிளில் பள்ளி செல்லும் பிள்ளை ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது என்பதை அப்பிள்ளை காட்டும். அந்த இடங்களைக் குறித்து வந்து சபையில் படியுங்கள். பாதை சீரானபின் ஆண்டுக்கு ஒரு நாள், ஊரார் கூடி அவ்வழியே சைக்கிளில் சென்று திரும்புங்கள். மாட்ரிட் நகரத் தெருவில் ஆடுகள் செய்வதை நம் ஊர்க் கண்மாய்க்கரையில் நம் பிள்ளைகள் செய்யட்டும்.

முன்பு கூறிய அந்த ஊரில், பருத்திக் காட்டுக்குள் மறைந்த பாதையை அறுவடைக்குப் பின் அளந்து கல் நட்டாயிற்று. நிலத்துக்கு உரியவரே முதற்கல்லுக்குக் குழி தோண்டினார். இன்னும் ஓர் ஓடை கடக்க வேண்டியிருக்கிறது. தரைப்பாலம் வர வேண்டும். அதுவரை அந்தச் சிறுமி நெடுஞ்சாலையில் செல்ல வேண்டிய தூரம் பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதிப் பாதியும் குறையும் நாளிலேதான் அந்தத் தாயின் கேள்விக்கு நாம் முழு விடை சொன்னவர்கள் ஆவோம்.